துண்டுக்குள் பேசிய விலை: கொங்கு நாட்டில் தகவல் மறைவின் வரலாறு

கணினி, கைபேசி, செயலி ஆகியவற்றைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அந்தரங்கம் குறித்த கவலை மேல்நாட்டார்க்கு உரியது, கூட்டாக வாழ்ந்து பழகிய தமிழ்ச் சமூகத்தில் அதற்கு வேர் இல்லை என்னும் கருத்தும் உடன் எழுவது வழக்கமாகிவிட்டது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பது அக்கருத்தின் மறுபாதி. கோயம்புத்தூரையும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டையும் பொறுத்தவரை இவ்விரண்டும் வரலாற்றுக்கு ஒவ்வாதவை. இயந்திரங்களை ஆர்வத்தோடு வரவேற்ற இப்பகுதி மக்கள், தம்மைப் பற்றிய செய்தி யாரிடம் செல்லலாம், எவ்வளவு செல்லலாம், எப்போது செல்லலாம் என்பதைத் தாமே முடிவு செய்வதற்குப் பல நுட்பமான முறைகளை நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். இவ்வாறு முடிவு செய்யும் உரிமையைத்தான் இன்றைய சட்ட நூல்கள் தகவல் தனியுரிமை என்று குறிப்பிடுகின்றன. அது இங்கே இல்லாதிருந்த காலம் எதுவும் இல்லை. உடைமையும் செல்வாக்கும் உள்ளவர்க்கு மிகுதியாகவும் உழைப்பவர்க்கும் பெண்களுக்கும் குறைவாகவும் அது கிடைத்து வந்தது என்பதே இவ்வட்டாரத்தின் வரலாறு காட்டும் உண்மை.

கொங்கு நாடு என்பது இன்றைய கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களையும் நீலகிரியையும் சேலம், தருமபுரி, திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளையும் உள்ளடக்கியதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மழை குறைந்து, கிணற்றுப் பாசனமும் மேய்ச்சலும் மிகுந்த இந்நிலத்தில் உழவரின் முதன்மையான செல்வம் மாடாக இருந்ததால், அம்மாட்டை விற்பதும் வாங்குவதும் குடும்பத்தின் பொருள்நிலையை ஊரறியச் செய்துவிடக்கூடிய நிகழ்வுகளாக இருந்தன. பொள்ளாச்சிச் சந்தை, ஈரோட்டுக் கருங்கல்பாளையம் சந்தை, வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் தேரோடு கூடும் சந்தை, ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தை ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் நடுவே, பட்டப்பகலில், திறந்த வெளியில் இவ்வணிகம் நடந்தது. எனினும் எந்த மாடு என்ன விலைக்குப் போயிற்று என்பது அருகில் நின்றவர்க்கும் தெரியாமல் இருந்தது.

இதற்குக் காரணமான முறை விரல் பேரம் ஆகும். தரகர் தம் தோளிலுள்ள துண்டை எடுத்துத் தம் கையின் மேலும் விற்பவரின் கையின் மேலும் போர்த்துக்கொண்டு, அத்துணிக்கு அடியில் அவருடைய விரல்களைப் பிடிப்பார். பிடித்த விரல்களின் எண்ணிக்கை விலையைக் குறிக்கும். ஒரு விரல் நூறா ஆயிரமா என்பது மாட்டின் தரத்தைக் கண்டே இருவர்க்கும் விளங்கும். ஒப்பாத விலைக்கு விற்பவர் விரலை விலக்கிக்கொள்வார், அல்லது தாம் எதிர்பார்ப்பதை விரலாலேயே திருப்பிச் சொல்வார். அதன் பின் தரகர் அதே துண்டோடு வாங்குபவரிடம் செல்வார். பேரம் முறிந்தால் ஒருவர் எவ்வளவுக்கு இறங்கி வந்தார் என்பதும் மற்றவர் எவ்வளவு வரை ஏறத் தயாராக இருந்தார் என்பதும் வெளியே தெரிவதில்லை. ஆகவே விற்பவர் அடுத்தவரிடம் தம் மாட்டின் மதிப்புக் குறையாமல் பேச முடிந்தது. திருமணச் செலவுக்காகவோ கடன் நெருக்கடியாலோ மாட்டை ஓட்டி வந்த உழவரின் அவசரம் சந்தைக்குத் தெரிந்துவிட்டால் விலை சரிந்துவிடும் என்பதால், இம்மறைவு எளியவர்க்கே பெரிதும் காப்பாக அமைந்தது.

இவ்வழக்கம் கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியப் பயணியான லுடோவிகோ டி வர்தெமா, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ளிக்கோட்டை வணிகர்கள் துணிக்கு அடியில் விரல்களைத் தொட்டு விலை பேசியதைத் தம் நூலில் விவரித்துள்ளார். பாலக்காட்டுக் கணவாய் வழியே அத்துறைமுகத்தோடு தொடர்பு கொண்டிருந்த நாடு கொங்கு. ஒரு தொழிலைச் சேர்ந்தோர் பிறர்க்கு விளங்காதபடி தமக்குள் வழங்கும் சொற்களைக் குழூஉக்குறி என்று நன்னூல் வகுத்துக் கூறுவதும் இங்கே நினைக்கத்தக்கது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூலின் ஆசிரியர் பவணந்தி முனிவர், பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தினர் என்று கொங்கு ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். செய்தியை உரியவர்க்கு மட்டும் சேர்ப்பது இலக்கண நூலில் இடம்பெறும் அளவுக்கு இயல்பான வழக்காக இருந்த மொழியில், அந்தரங்க உணர்வு அயலிலிருந்து வந்தது என்று சொல்வது பொருந்தாது.

பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த அஞ்சல் இவ்வுணர்வைப் புதிய சோதனைக்கு உள்ளாக்கியது. 1879ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இந்தியாவில் கால் அணா விலையில் அறிமுகமான அஞ்சலட்டை, ஏழைகளும் எழுதத்தக்க மலிவான சாதனமாக இருந்தது. ஆனால் அதில் எழுதியதை அஞ்சலகத்தாரும் தபால்காரரும் வழியில் கையில் வாங்கியவரும் படிக்கக்கூடும். எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த அக்காலத்தில் கடிதத்தை எழுதித் தருபவர் ஒருவர், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்பவர் ஒருவர் என மேலும் இருவர் இடையில் நின்றனர். இந்நிலையிலும் மக்கள் தமக்கென எல்லைகளை வகுத்துக்கொண்டனர். நல்ல செய்தி தாங்கிய கடிதத்தின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவதும், இறப்புச் செய்தியைப் படித்தவுடன் வீட்டுக்குள் வைக்காமல் கிழித்துவிடுவதும் தமிழ்நாடெங்கும் பரவியிருந்த வழக்கங்கள். செய்தி எவ்வகையானது என்பது ஊருக்குத் தெரியலாம், அதன் உள்ளடக்கம் வீட்டாரைச் சேர்ந்தது என்னும் பாகுபாடு மஞ்சள் தடவிய மூலையில் அடங்கியிருந்தது. கடன், சொத்துப் பிரிவினை, பெண்ணின் மணவாழ்வில் நேர்ந்த சிக்கல் ஆகியவற்றை அஞ்சலட்டையில் எழுதாமல் உறையிட்ட கடிதத்திலோ, நேரில் ஆளனுப்பியோ தெரிவிப்பது பண்பாகக் கருதப்பட்டது. 1950இல் அறிமுகமான உள்நாட்டு அஞ்சல் தாள், மடித்து ஒட்டினால் பிறர் படிக்க இயலாததாகவும் உறையை விட மலிவானதாகவும் இருந்ததால், நடுத்தரக் குடும்பங்களின் அந்தரங்கம் அதில் நெடுங்காலம் பயணம் செய்தது.

அரசு மட்டும் இவ்வெல்லைகளுக்கு உட்படவில்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தன் 5ஆம் பிரிவிலும், 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் தன் 26ஆம் பிரிவிலும், பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்னும் காரணத்தால் செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தன. இடைமறித்தல் என்பது அனுப்பியவரும் பெறுபவரும் அறியாமல் நடுவழியில் செய்தியை நிறுத்துவது அல்லது படிப்பது ஆகும். விடுதலைக்குப் பின்னும் இச்சட்டங்கள் நீடித்தன. 1986இல் அஞ்சலகச் சட்டத்தைத் திருத்தி இவ்வதிகாரத்தை மேலும் விரிக்க முயன்ற மசோதா, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் அளிக்காததால் நின்றுபோயிற்று. கடிதத்தின் மறைவு அன்று நாடு தழுவிய அரசியல் வினாவாக இருந்தது என்பதற்கு இது போதிய சான்று.

கொங்கு நாட்டின் பொருளாதாரத்தை மாற்றியது நூற்பாலை. 1862இல் சென்னையிலிருந்து போத்தனூர் வழியே மேற்குக் கடற்கரை வரை இரயில் பாதை நிறைவுற்றதும், 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் நூற்பாலையை நிறுவியதும், 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கியதும் இந்நகரைத் தொழில் நகராக்கின. இயந்திரத்தின் மீது இவ்வூர் கொண்ட ஈடுபாட்டுக்கு ஜி. டி. நாயுடுவின் (1893–1974) வாழ்வு சிறந்த எடுத்துக்காட்டு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கிய அவர், பயணச் சீட்டு வழங்கும் இயந்திரத்தையும் மோசடி செய்ய இயலாத வாக்குப் பதிவு இயந்திரத்தையும் வடிவமைத்தார். வாக்காளரின் தேர்வைப் பிறர் அறியாமல் காப்பதும் ஒரு பொறியியல் பணியே என்று கருதிய மரபு இந்நகரில் இருந்தது என்பதை அவ்வியந்திரம் உணர்த்துகிறது.

ஆலை வளாகத்திலோ மறைவு இருவேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டது. 1956இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், சுருக்கமாக ‘சிட்ரா’, தன் உறுப்பு ஆலைகளின் உற்பத்தித் திறன், நூலின் தரம், செலவு ஆகியவற்றை ஒப்பிட்டு ஆய்வுகளை வெளியிட்டு வருகிறது. இவ்வாய்வுகளில் ஆலைகள் பெயரால் சுட்டப்படாமல் குறியீட்டு எண்ணால் சுட்டப்பட்டன. ஒவ்வோர் ஆலையும் தன் இடத்தை அறிந்துகொள்ளலாம், போட்டியாளரின் இரகசியத்தை அறிய இயலாது. இன்றைய தரவு அறிவியலார் பெயர்நீக்கம் என்று அழைக்கும் முறை, அதாவது தகவலிலிருந்து அதற்குரியவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுப் பொதுப் பயனுக்குத் தருவது, கோயம்புத்தூர் ஆலை முதலாளிகளுக்கு முன்பே பழக்கமானது. அவர்கள் அதைத் தங்கள் தொழிலுக்குத் தேவையான நியாயமாகக் கருதிக் கேட்டுப் பெற்றனர். அதே ஆலையின் தொழிலாளியைப் பற்றிய செய்தியோ, ‘மஸ்டர் ரோல்’ என்னும் வருகைப் பதிவேட்டில் தொடங்கி, வேலைக்கு வந்த நேரம், நின்ற நாள், பெற்ற முன்பணம், தண்டம் என ஒன்று விடாமல் மேலாளரின் மேசையில் இருந்தது. தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்று அறியவோ அதைத் திருத்தக் கேட்கவோ தொழிலாளிக்கு எளிய வழி இருக்கவில்லை.

இவ்வேறுபாட்டின் கொடிய வடிவம் ஆலைக்கு வெளியே நிலவியது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என அறிவித்து, அவர்களுடைய பெயர்களைப் பதிவு செய்யவும் விரல் ரேகைகளை எடுக்கவும் குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் வருகை தரச் செய்யவும் அதிகாரம் அளித்தது. சென்னை மாகாணத்தில் இச்சட்டத்திற்கு ஆட்பட்டோருள் சேலம் வட்டாரக் குறவர்களும் இருந்தனர். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் இது நீக்கப்பட்டது. உடலின் அடையாளத்தை அரசின் ஏட்டில் ஏற்றுவது எவ்வளவு ஆழமான காயத்தை விளைவிக்கும் என்பதைத் தமிழ்நாட்டின் எளிய மக்கள் தங்கள் அனுபவத்தாலேயே அறிந்திருந்தனர். அந்தரங்கம் செல்வர்களின் கவலை என்று பேசுவோர் இவ்வரலாற்றை ஒருபோதும் குறிப்பிடுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தொலைபேசி வந்தபோது செய்தியைக் காப்பவர் மீண்டும் கண்ணுக்குத் தெரிந்த மனிதராகவே இருந்தார். வெளியூர் அழைப்பை இணைப்பகத்தில் பதிவு செய்து காத்திருந்து பேசும் ‘டிரங்க் கால்’ முறையில், இணைப்பை ஏற்படுத்தும் பணியாளர் இரு தரப்பினரின் குரலையும் கேட்கக்கூடிய நிலையில் இருந்தார். தொலைபேசி இல்லாத வீட்டார் அண்டை வீட்டின் அல்லது கடையின் எண்ணைத் தம் எண்ணாகத் தருவதும், அதன் அருகே ‘பி.பி.’ என்று திருமண அழைப்பிதழிலும் முகவரி அட்டையிலும் அச்சிடுவதும் 1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டில் இயல்பாக இருந்தன. அழைப்பு வந்தால் அண்டை வீட்டுச் சிறுவன் ஓடி வந்து சொல்வான்; பேசுபவர் பிறர் வீட்டுக் கூடத்தில் நின்று பேசுவார். கேட்டும் கேளாதவர் போல இருப்பது அவ்வீட்டாரின் பண்பாகவும், பொதுவான சொற்களில் பேச்சை முடித்துக்கொள்வது பேசுபவரின் பண்பாகவும் இருந்தன. எழுதப்படாத இவ்வொழுங்கு பல குடும்பங்களின் மானத்தைக் காத்தது. அதை மீறியவர் யார் என்பது ஊருக்குத் தெரியும் என்பதே அதன் வலிமை.

1980களின் பிற்பகுதியில் பெருகத் தொடங்கிய எஸ்.டி.டி. சாவடிகள் இந்நிலையை மாற்றின. காந்திபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் திருப்பூரின் பனியன் தொழில் தெருக்களிலும் மஞ்சள் பலகையோடு நின்ற அச்சாவடிகளில், பேசுபவர் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே இருப்பவர்க்கு அவர் முகம் தெரியும், பேச்சு கேட்காது. இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் கால்பங்காகக் குறைந்ததால், தொலைவில் வேலை செய்தோரும் விடுதி மாணவரும் அந்நேரத்தில் வரிசையில் நின்றனர். குறைந்த காசுக்குச் சில நிமிடங்கள் முழுமையான அந்தரங்கம் எல்லா வகுப்பினர்க்கும் கிடைத்த இடம் இக்கூண்டு. இதன் சமூகப் பயன் வரலாற்றாசிரியர்களால் இன்னும் உரிய அளவில் ஆராயப்படவில்லை.

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கிய பின், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்லூரிகள் நிறைந்த கோயம்புத்தூரில் ‘பிரவுசிங் சென்டர்’ எனப்பட்ட இணைய மையங்கள் எஸ்.டி.டி. சாவடிகளின் இடத்தைப் பிடித்தன. மணிக்கணக்கில் வாடகை செலுத்தி மின்னஞ்சல் பார்க்கவும், தேர்வு முடிவு அறியவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் இளைஞர் அங்கே சென்றனர். 2011இல் நடுவண் அரசு வெளியிட்ட இணைய மையங்களுக்கான விதிகள், வருபவரின் அடையாளச் சான்றைப் பதிவு செய்யவும், பயன்பாட்டுக் குறிப்புகளைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கவும், தடுப்புகளின் உயரம் நான்கரை அடிக்கு மேற்படாமல் இருக்கவும் ஆணையிட்டன. கூண்டின் கதவு இவ்வாறு மீண்டும் திறந்துகொண்டது. குற்றத்தைத் தடுப்பதே விதிகளின் நோக்கம் என்பது உண்மைதான். ஆனால் சொந்தக் கணினி உள்ளவர் வீட்டில் தாளிட்டுப் படித்ததை, அது இல்லாதவர் பிறர் பார்வைக்கு முன்னால் படிக்க நேர்ந்தது என்பதும் அதே அளவு உண்மை.

இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே, தொழில்நுட்பச் செய்தியைத் தமிழில் சொல்லும் பணியில் கோயம்புத்தூர் முன்னின்றது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வரான ஜி. ஆர். தாமோதரன் 1940களின் இறுதியில் இந்நகரிலிருந்து வெளியிடத் தொடங்கிய ‘கலைக்கதிர்’ மாத இதழ், அறிவியலையும் பொறியியலையும் தமிழில் எழுத முடியும் என்பதைப் பல பத்தாண்டுகள் நிறுவிக் காட்டியது. கலைச்சொல்லாக்கத்தில் அதன் பங்கு பெரிது. 2010ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை இங்கே நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் கூடியது. தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிப்பதற்கு ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற ஆணையும் அவ்வேளையிலேயே வந்தது. ஒருங்குறி என்பது உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் அளிக்கும் பொதுவான குறியீட்டு முறை. இவையனைத்தும் பெருமைக்குரியவை. எனினும், இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது, மொழி அதில் எவ்வாறு நுழைகிறது என்பனவற்றை விளக்குவதில் காட்டிய உழைப்பு, அவ்வியந்திரம் தன்னைப் பயன்படுத்துபவரைப் பற்றி எதைத் திரட்டுகிறது, யாரிடம் கொடுக்கிறது என்பதை விளக்குவதில் தமிழ் அறிவியல் எழுத்தில் காட்டப்படவில்லை. புதிய செயலியைப் பற்றிய செய்தி இன்றும் பெரும்பாலும் அதன் வசதிகளைப் பற்றிய செய்தியாகவே தமிழில் வெளிவருகிறது. வசதியை அறிந்து விலையை அறியாத நிலைக்கு இவ்விடைவெளியும் ஒரு காரணம்.

கண்காணிப்பைப் பற்றிய இந்நகரின் பொதுக் கருத்தை உருவாக்கியதில் 1998ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு முந்தைய நவம்பரில் நடந்த கலவரத்தின் புண் ஆறும் முன்னரே நிகழ்ந்த அக்கொடுமையில் 58 பேர் உயிரிழந்தனர். கோட்டைமேடு, உக்கடம் பகுதிகளில் வாழ்ந்தோர் தம் தெருவுக்குள் நுழையவும் வெளியேறவும் காவலரின் சோதனையைக் கடக்க வேண்டியிருந்தது. உயிரிழப்பைக் கண்ட நகரம் பாதுகாப்பை வேண்டியதில் தவறில்லை. கடைவீதியிலும் குடியிருப்பிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகியதை மக்கள் பெரும்பாலும் வரவேற்றனர். ஆனால் கேமரா பதிவு செய்வதைப் பார்ப்பவர் யார், எத்தனை நாள் வைத்திருக்கலாம், யாரிடம் தரலாம் என்னும் வினாக்கள் அவ்வரவேற்பில் மறைந்துபோயின. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு காவல் துறை முக அடையாள மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இது ஒருவருடைய முகத்தின் அளவுகளைக் கணக்கிட்டு, முன்பே சேமித்து வைத்த படங்களோடு ஒப்பிடும் மென்பொருள். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் இணையதளத்துக்குள் வெளியார் ஊடுருவியதைக் காவல் துறையே அறிவித்தது. அதற்கு முன், 2021இல், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாகத் தனியார் இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று தெரிவித்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், முகத்தையும் விரல் ரேகையையும் மாற்றிக்கொள்ள இயலாது.

விரல் ரேகை இன்று மீண்டும் எளியவரின் அன்றாடத்துக்குள் வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தறியிலும் வயலிலும் உழைத்து ரேகை தேய்ந்த முதியோரை அக்கருவி அடையாளம் காணத் தவறுவது பலமுறை செய்தியாகியுள்ளது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தொழிலாளரின் படத்தை நாளுக்கு இருமுறை செயலியில் பதிவேற்றும் முறை 2023 ஜனவரியில் கட்டாயமாக்கப்பட்டது. பழைய மஸ்டர் ரோல் இவ்வாறு முகப்படமாக மாறியது. இவற்றுக்கு நேர் எதிரான திசையில், கொங்கு நாட்டு நூற்பாலைகளின் பெண் தொழிலாளர் விடுதிகளில் மறைவுக்கான சாதனமே மறுக்கப்பட்டது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், திருமணச் செலவுக்கான தொகையை ஒப்பந்தக் கால முடிவில் தருவதாகச் சொல்லி இளம்பெண்களைப் பணியமர்த்திய முறையை ஆராய்ந்து, நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள், பல விடுதிகளில் கைபேசி வைத்திருக்கத் தடை இருந்ததையும் வீட்டாரோடு தனித்துப் பேச இயலாத நிலையையும் பதிவு செய்துள்ளன. ஆலையின் செலவுக் கணக்குக்குக் குறியீட்டு எண்ணால் கிடைத்த காப்பு, அவ்வாலையில் நூல் நூற்ற பெண் தன் தாயோடு பேசிய பேச்சுக்குக் கிடைக்கவில்லை. இதைவிடத் தெளிவாக இவ்வரலாற்றின் சாய்வைக் காட்டும் செய்தி வேறில்லை.

நீதிமன்றங்கள் தனியுரிமையைப் படிப்படியாக ஏற்றன. அதில் தமிழ்நாட்டு வழக்கொன்றுக்கு முதன்மையான இடம் உண்டு. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது எழுந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம், தம் குடும்பம், திருமணம், கல்வி போன்றவற்றைப் பிறர் தலையீடின்றிக் காத்துக்கொள்ளும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்றும், பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடத் தடையில்லை என்றும், அவதூறு கருதி அரசு முன்கூட்டியே தடை விதிக்க இயலாது என்றும் வரையறுத்தது. பத்திரிகையின் உரிமையையும் தனிமனிதரின் உரிமையையும் ஒரே தீர்ப்பில் நிறுத்திக் காட்டியதில் அதன் சிறப்பு அடங்கியுள்ளது. 1996இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு குறித்த வழக்கில் அரசின் அதிகாரத்துக்கு நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது வசதி படைத்தோரின் கவலை மட்டுமே என்னும் வாதத்தை நீதிமன்றம் வெளிப்படையாக நிராகரித்தது. பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் நீட்டிய உழவரும், ரேகை வைக்கப் பணிக்கப்பட்ட குறவரும், விடுதியில் கைபேசி மறுக்கப்பட்ட பெண்ணும் அம்முடிவுக்குச் சான்று கூறத் தகுந்தவர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தரங்கத்துக்கு இங்கே வேர் இல்லை என்னும் பழைய கருத்து அன்றாடப் பேச்சில் மாறாதிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தபால்காரரும், இணைப்பகப் பணியாளரும், பி.பி. எண் தந்த அண்டை வீட்டாரும் பெயரும் முகமும் உடையவர்களாக இருந்ததால், நம்பிக்கை மீறப்பட்டால் யாரைக் கேட்பது என்பது தெரிந்திருந்தது. செயலி கேட்கும் அனுமதிக்குப் பின்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொடர்பு எண்கள், இருப்பிடம், படங்கள் ஆகியவற்றைக் கேட்கும் அறிவிப்பைப் படிக்காமல் ஒப்புக்கொள்வதை அறியாமை என்று பழிப்பது முறையன்று. அவ்வறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சட்டச் சொற்களால், படிக்க இயலாத நீளத்தில் எழுதப்படுகின்றன. கடன் செயலிகள் கடன் பெற்றவரின் தொடர்பு எண்களைத் திரட்டி உற்றார் உறவினரை அழைத்து இழிவுபடுத்திய நிகழ்வுகள் 2020க்குப் பின் தமிழ்நாட்டிலும் நேர்ந்தபோது, படிக்காமல் கொடுத்த ஒப்புதலின் விலையைப் பல குடும்பங்கள் உயிரிழப்பாகவே செலுத்தின.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் அது சுருக்கியுள்ளது. இக்குறைகள் சிறியவை அல்ல. இச்சட்டத்துக்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும். ஆயினும் அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு, தகவலைக் கேட்பவர் தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. திருப்பூரின் பனியன் தொழிலாளியும், கருங்கல்பாளையத்து மாட்டு வணிகரும், பீளமேட்டின் மென்பொருள் ஊழியரும் தம்மிடம் ஒப்புதல் கேட்கும் எவரிடமும் அதைத் தமிழில் தருமாறு கேட்க வேண்டும். தராதவரிடம் ஒப்புதலை மறுக்க வேண்டும்.